மீ ஹூன் சாப்பிடாத பிள்ளையையும் கேளுங்கள்

பள்ளியில் நாலைந்து பிள்ளைகள் ஒரே நாளில் வாந்தி எடுத்தால் போதும். மாலைக்குள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு வந்துவிடும்: கேன்டீன் மீ ஹூன்தான்! ஜாசின் பக்கத்துத் தோட்டப் பள்ளியானாலும் மலாக்கா நகரத்துப் பள்ளியானாலும் இதே கதைதான். மீ ஹூன் குற்றவாளியாகவும் இருக்கலாம். ஆனால் அதைத் தொடாத பிள்ளைகளில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று யாராவது கேட்டார்களா?

நார்வாக் பள்ளியில் நடந்தது

1968 அக்டோபர் கடைசியில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து நார்வாக் ஊரிலுள்ள பிரான்சன் தொடக்கப்பள்ளியில் இரண்டே நாளில் மாணவர், ஆசிரியர்களில் பாதிப்பேர் குமட்டலும் வாந்தியுமாகச் சுருண்டார்கள். மல மாதிரிகளைச் சோதித்தும் காரணமான பாக்டீரியா எதுவும் சிக்கவில்லை. அடுத்து அவர்கள் வீட்டாரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் படுத்தார். பள்ளிச் சாப்பாட்டை அவர்கள் வாயில் வைத்ததே இல்லை!

விடை கிடைக்க 1972 ஆகிவிட்டது. ஆல்பர்ட் கபிகியன் குழுவினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, 27 நானோமீட்டர் அளவுள்ள உருண்டைகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. ஊர்ப்பெயரே ஒட்டிக்கொண்டு, இன்று அது நோரோ வைரஸ்.

அது பழங்கதை அல்ல. கேரளத்தில் 2021 நவம்பரில் வயநாடு பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 13 பேருக்கு வந்தது. 2023 ஜனவரியில் கொச்சியை அடுத்த காக்கநாட்டுப் பள்ளி ஒன்றில் சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பிடித்தது.

கடிகாரம் சொல்லும் சாட்சி

புலனாய்வில் முதல் கேள்வி "என்ன சாப்பிட்டாய்?" அல்ல, "எத்தனை மணிக்கு வாந்தி எடுத்தாய்?" கெட்டுப்போன சோற்றின் பாக்டீரியா நஞ்சு சில மணி நேரத்தில் வேலையைக் காட்டும். நோரோ வைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம் பிடிக்கும். திங்கள் காலை வாந்தி எடுத்த பிள்ளைக்குக் கிருமி ஏறியது சனி, ஞாயிறில் நடந்த பிறந்தநாள் விருந்திலாக இருக்கலாம். அன்று காலை மீ ஹூன் மேல் பழி போடுவது அவசரம்.

அடுத்தது கணக்கு. மீ ஹூன் சாப்பிட்ட 40 பேரில் 20 பேரும், சாப்பிடாத 40 பேரில் 19 பேரும் படுத்திருந்தால் மீ ஹூனுக்கு விடுதலை. சாப்பிடாதவர்களில் இரண்டே பேர் என்றால் சமையலறைக்குப் போகத்தான் வேண்டும். அங்கேயும் வைரஸ் இருந்தது சமைத்தவர் கையிலா, கழுவிய தண்ணீரிலா என்று பார்க்க வேண்டும். நலமாக இருக்கும் பிள்ளைகளைக் கேட்காமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

மலேசியாவில் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி, உணவு நச்சு என்று சந்தேகம் எழுந்தால் மருத்துவர் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஒரு பிள்ளை அலோர் காஜா கிளினிக்குக்குப் போகும், இன்னொன்று பூலாவ் செபாங்கில் காட்டிக்கொள்ளும், மூன்றாவது வீட்டிலேயே கசாயம் குடிக்கும். கூட்டம் யார் கண்ணிலும் படாது. வகுப்பாசிரியரின் வருகைப் பதிவேடுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

பள்ளி வேனில் ஒரு வாந்தி

வேனில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால், ஓட்டுநர் துணியால் துடைத்துவிட்டு அடுத்த டிரிப்புக்குக் கிளம்பிவிடுவார். அந்த இருக்கையில்தான் ஆபத்து. மிகச் சில வைரஸ் துகள்களே ஒருவரைப் படுக்க வைக்கப் போதும். கைக்குத் தடவும் சானிட்டைசர் இதற்கு அவ்வளவாக உதவாது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். 5 விழுக்காட்டு பிளீச் 20 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, வாந்தி பட்ட இடத்தில் ஐந்து நிமிடமாவது ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். கையுறை அவசியம்.

பிள்ளைக்கு ஓஆர்எஸ் கரைசலை மடக்கு மடக்காகக் கொடுக்கலாம். சிறுநீர் குறைந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, எழுப்பியும் சோர்ந்து கிடந்தாலோ காத்திருக்கக் கூடாது. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது.

வாந்தியும் பேதியும் நின்ற பிறகும் 48 மணி நேரம் வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் மருத்துவர் சொல்வதில் கடினமானது. நாள் கூலிக்குப் போகும் அம்மா இரண்டு நாள் சம்பளத்தை விட வேண்டியிருக்கும். கேன்டீனில் பாத்திரம் கழுவும் அக்காவுக்கும் அதே கதிதான். வயிறு சரியான மறுநாளே இருவரும் வேலைக்குக் கிளம்புவதில் வியப்பில்லை.