பேர் மறந்தாலும் பாசம் மறக்காது!

"பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியலை, இனி போய்ப் பார்த்தா என்ன, பார்க்காட்டி என்ன?" மறதி நோய் வந்த பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். இப்படிச் சொல்லியே, வந்து போகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். சகோதரிகளே, அப்படி நின்றுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பத்தாவது வரை படித்தவள். மனோதத்துவம் படிக்கும் என் அண்ணன் மகள் சொன்ன சில விஷயங்கள் எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தன. நீங்களும் கேளுங்களேன்.

ஒரு முகத்தைப் பார்த்ததும், 'இவர் இன்னார்' என்று அறிவு சொல்வது ஒன்று. 'நமக்குப் பழகியவர்' என்று உடம்பு உணர்வது இன்னொன்று. அமெரிக்காவில் உள்ள அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் டிரானல், அன்டோனியோ டமாசியோ இருவரும் 1985-ல் இதை எழுதியிருக்கிறார்கள். மூளை பாதிப்பால் முகங்களை அடையாளம் காண முடியாமல் போன இரண்டு பெண்களுக்கு, பழகிய முகங்களையும் புதுமுகங்களையும் கலந்து படமாகக் காட்டினார்களாம். வாய் "தெரியாது" என்றது. பழகிய முகம் வந்தபோதோ, கண்ணுக்குத் தெரியாத அளவு வியர்வை கூடியதைக் கருவி காட்டிக் கொடுத்துவிட்டது!

அது வேறு பாதிப்பு. மறதி நோய் அல்ல. மறதி நோயைப் பற்றி அதே பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி ஒன்று 2014-ல் வெளிவந்தது. அல்ஸைமர் நோய் உள்ள 17 பேருக்கு அழவைக்கும் காட்சிகளையும், சிரிக்கவைக்கும் காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் மறந்துபோயிற்று. மனதில் வந்த துக்கமும் சந்தோஷமும் மட்டும் போகவில்லை. அதிலும், படம் குறைவாக நினைவிருந்தவர்களுக்குத்தான் துக்கம் அதிக நேரம் நின்றதாம்.

இதை என் வீட்டிலேயே பார்க்கிறேன். மாமியாருக்கு 78 வயது. நாலு வருஷமாக மறதி நோய். நாத்தனார் வந்தால், "யாரும்மா நீ?" என்றுதான் கேட்பார். கேட்கும்போதே முகம் மலர்ந்துவிடும். பிடித்த கையை விடமாட்டார். அவள் போனபின், வந்தது யார் என்று கேட்டால் தெரியாது. இருந்தாலும் அன்று ராத்திரி ஒரு இட்லி கூடவே இறங்கும்.

இன்னொரு உறவினர் வந்தால், "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைப்பார். "இதுகூடவா தெரியலை?" என்று சிரிப்பார். அவர் வந்து போனது அத்தைக்கு நினைவிருக்காது. ஆனால், அன்று முழுக்கத் தட்டைத் தள்ளிவிட்டு, முந்தானையைக் கசக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

"என்னைத் தெரியவே இல்லையே அண்ணி, வந்து என்ன பிரயோஜனம்?" என்று நாத்தனார் ஒருநாள் அழுதாள். "உன் பேருதான் மறந்துபோச்சு. உன் கையை விடலையே, கவனிச்சியா?" என்றேன். இப்போது மாதம் இரண்டு முறை தவறாமல் வருகிறாள்.

இப்படிப்பட்ட பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது:

* வெளிச்சத்தில், அவர்கள் முகத்துக்கு நேராக உட்காருங்கள். சிரித்த முகமாக இருங்கள்.

* "நான் யார்?" என்று கேட்காதீர்கள். "நான் உங்க மூத்த மக வந்திருக்கேன்ம்மா" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

* தப்பாகச் சொன்னால் திருத்தி வாதம் பண்ணாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு பேசினாலே போதும்.

* அவர்கள் காதுபட, "இவங்களுக்கு ஒண்ணும் புரியாது" என்று சொல்லவே கூடாது.

இன்னொன்று. மறதி என்றாலே வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு கோளாறாலும், பி12 சத்துக் குறைவாலும்கூட மறதி வரலாம். அதை மருந்தால் சரிசெய்ய வாய்ப்புண்டு. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

நாம் போய் வந்தது அவர்கள் ஞாபகத்தில் நிற்காமல் போகலாம். அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரமாவது நிற்கும். அதற்காகவாவது போய்ப் பார்க்கலாம், இல்லையா தோழிகளே?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்.