நின்றுபோன வண்டி

இமாச்சலப் பிரதேசத்து மலைச்சாலையில் ஆப்பிள் பெட்டிகளை ஏற்றிச் செல்லும் பழைய டீசல் பிக்கப் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், சந்தைக்குச் செல்லும் கனிகள் வாடத் தொடங்கும். எனினும், பதற்றத்தில் பாகங்களை மாற்றுவதால் பயனில்லை. காரணத்தை வரிசையாக ஆராய வேண்டும்.

முதலில் சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக் கொடுத்து, சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எஞ்சின் சுழலவில்லையெனில் பேட்டரி, அதன் இணைப்புகள், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். எஞ்சின் சுழன்றும் இயங்கவில்லையெனில் எரிபொருள் வந்து சேரவில்லை என ஐயுறலாம். டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் தெளிக்கப்படும் டீசல் தானே எரிகிறது. ஆகவே, தொட்டியில் டீசல் உள்ளதா, வடிகட்டி அடைபட்டுள்ளதா, அதில் நீர் தங்கியுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

எரிபொருள் குழாயில் காற்று புகுந்தாலும் எஞ்சின் நின்றுவிடும். வடிகட்டியின் மேலுள்ள திருகைச் சற்றே தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினால் முதலில் நுரை வெளிவரும். குமிழியற்ற டீசல் வந்ததும் திருகை இறுக்க வேண்டும். இதன்பின் ஓடிய வண்டி மீண்டும் நின்றால், காற்று நுழையும் கசிவு எங்கோ உள்ளது என்பது பொருள். அக்கசிவைக் கண்டு அடைத்தாலன்றிப் பழுது நீங்காது.