புகை குறைந்தால் ருசி கூடும்

ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் என் அக்கா மகன் வாரத்தில் ஆறு நாள் விடிவதற்கு முன்பே ரயிலேறிவிடுகிறான். வேலை பெங்களூரில். வீடு திரும்பும்போது இரவாகிவிடும். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின் இந்த ஊரில் பல குடும்பங்களின் பிழைப்பு தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலில் தூங்கியபடியே போய், தூங்கியபடியே வருகிறவர்கள் அவர்கள். மிச்சமிருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்று.

அந்த ஒரு நாளுக்குத்தான் அவன் ஆசைப்பட்டான். பெங்களூர் ஓட்டல் ஒன்றில் புகையில் வெந்த பன்றிக்கறி சாப்பிட்டிருக்கிறான். அதை வீட்டுக் கொல்லையிலேயே செய்ய வேண்டுமாம். "மாமா, ஸ்மோக்கர்னு விக்கிறாங்களே, எதை வாங்கலாம்? தினமும் துடைச்சு, எண்ணெய் போட்டு மல்லுக்கட்ட முடியாது. அடுப்பு மூட்டிட்டு ரெண்டு மணி நேரம் தூங்கணும். அப்படி ஒண்ணு சொல்லுங்க."

கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் கொல்லை பதினைந்து அடிக்கு மேல் இல்லை. அடுத்த வீட்டு ஜன்னல் அதைப் பார்த்துத்தான் திறக்கிறது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் இருப்பவர் இழுப்பு நோயாளியான ஒரு பாட்டி.

தங்கவயலில் நுரையீரல் சாதாரண விஷயமல்ல. பாறையைத் துளைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி தொழிலாளர்களின் நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோய் இந்தியாவில் முதன்முதலாக விரிவாக ஆராயப்பட்ட இடங்களில் ஒன்று இது. 1940 முதல் 1946 வரை இங்கே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 3,402 பேருக்கு அந்த நோய் இருந்தது. அப்படிப்பட்ட ஊரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆறு மணி நேரம் புகை போடப்போகிறவர், 'எதில் வேலை குறைவு' என்று கேட்டால் மட்டும் போதாது. 'எதில் புகை குறைவு' என்றும் கேட்க வேண்டும். நல்ல வேளையாக இரண்டுக்கும் விடை ஒன்றுதான்.

இறைச்சியைப் பக்குவப்படுத்துவது நமக்குப் புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படையிலேயே 'வாடூன்' வருகிறது. வாடிய ஊன், அதாவது உலர்த்திய இறைச்சி. வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுப் பகுதிகளிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் அந்தக் கைப்பக்குவத்தை உப்புக்கண்டமாகக் கொண்டுவந்தன. எங்கள் பாட்டி கறியை நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் பிசறி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவிடுவாள். பாதி காய்ந்ததும் கயிறு விறகடுப்புக்கு மேலே பரணுக்கு ஏறிவிடும். அப்புறம் யாரும் அதைக் கவனிக்க வேண்டியதில்லை. அன்றாடச் சமையலின் புகையே மீதி வேலையைச் செய்துவிடும். குடகு மலையிலும் நாகாலாந்திலும் அடுப்புக்கு மேல் இறைச்சி தொங்கவிடுவது இதே தத்துவம்தான். மினிக்காய்த் தீவில் சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, வெயிலில் உலர்த்தி மாசி ஆக்குவதும் இதன் தம்பி முறை.

கேஸ் அடுப்பு வந்ததும் பரண் போயிற்று. வெயிலில் காயவைப்பதோ தங்கவயலில் யோசிக்க வேண்டிய காரியம். 1887இல் மக்ஆர்தர், ஃபாரஸ்ட் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற சயனைடு முறையில் தங்கம் பிரித்தபின் எஞ்சிய அரைத்த பாறைத் தூள் இங்கே குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது. மூன்று கோடி டன்னுக்கும் மேல். ஊரார் அதை 'சயனைட் மண்' என்பார்கள். வெயிலிலும் காற்றிலும் சயனைடு காலப்போக்கில் சிதைந்துவிடும். நுண்ணிய சிலிக்கா தூளும் உலோகங்களும் சிதைவதில்லை. காற்றுக் காலத்தில் அது கிளம்பி வீட்டுக்குள் வருவதைப் பற்றி இந்த ஊர் பல ஆண்டுகளாகப் புகார் சொல்கிறது. மொட்டை மாடிக் கொடியில் தொங்கும் கறி அந்தத் தூசிக்கு விரித்த வலை. மூடிய பாத்திரத்துக்குள் புகையில் வேகும் கறிக்கு அந்தப் பயமில்லை.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். பாட்டியின் பரணில் நடந்தது சூடில்லாத புகை. இறைச்சியைக் காப்பாற்றியது உப்பும் உலர்ச்சியும்தான். சூடில்லாத புகையை டிரம்மில் வைத்துச் செய்து பார்க்க நினைப்பது ஆபத்து. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் ஈர இறைச்சி மணிக்கணக்காகக் கிடந்தால் கிருமிகள் பெருகும். அக்கா மகன் கேட்பது சூடான புகை. 110 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் கறி வெந்துகொண்டே புகையின் மணத்தை ஏற்கும் முறை. இதில் கெட்டுப்போகாமல் வைத்துக்கொள்வது நோக்கமல்ல. அன்றே சாப்பிட வேண்டும். மிஞ்சினால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

இனி கடைச்சரக்குகள். அமெரிக்கப் படங்களில் பார்க்கும், பக்கவாட்டில் தனி நெருப்புப் பெட்டி வைத்த நீளமான இரும்பு ஸ்மோக்கர் பார்க்கக் கம்பீரமானது. ஆனால் அரைமணி, முக்கால் மணிக்கொரு தரம் விறகு தள்ள வேண்டும். மலிவாகக் கிடைப்பது மெல்லிய தகடு. சந்துபொந்தெல்லாம் புகை கசியும். தூங்க நினைப்பவனுக்கும் ஆகாது, பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் ஆகாது.

மரத்தூளை அழுத்தி உருட்டிய குச்சிகளைத் தானே ஊட்டிக்கொள்ளும் மின்சார வகை 1980களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பிறந்தது. வெப்பத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். உண்மையிலேயே தூங்கலாம். ஆனால் மின்சாரம் போனால் அடுப்பும் போச்சு. குச்சி நமத்தால் உதிர்ந்து குழாயை அடைக்கும். பழுதானால் மின்னணுப் பலகைக்கு ஊர் ஊராக அலைய வேண்டும். 1902இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர்தான் தங்கவயல்; ஆனாலும் கறி வேகும் நேரத்தில் மின்வாரியத்தை நம்பாதிருப்பது உத்தமம்.

ஜப்பானிய அடுப்பைப் பார்த்துச் செய்த முட்டை வடிவப் பீங்கான் அடுப்பு 'கமாடோ'. தடித்த சுவர் சூட்டை விடாது. கொஞ்சம் கரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். துருப்பிடிக்காது. பராமரிப்பு என்று பார்த்தால் இதுதான் ராஜா. ஆனால் விலையும் ராஜாவுடையது. கை தவறிக் கீழே போட்டால் விரிசல் விட்டுவிடும்.

மிஞ்சுவது 200 லிட்டர் இரும்பு டிரம். நின்றவாக்கில் வைத்த உருளை, அடியில் கரிக்கூடை, மேலே கம்பி வலை, அதற்கும் மேலே மூடி. சந்து இல்லை, கதவு இல்லை, மோட்டார் இல்லை. கீழ்ப்பக்கம் காற்று நுழைய முக்கால் அங்குலத்தில் மூன்று துளைகள். ஒவ்வொன்றையும் மூடித் திறக்க ஒரு தகடு. மூடியில் புகை போக வழி. எந்த வெல்டிங் பட்டறையிலும் ஒரு மணி நேர வேலை. கரிக்கூடை தரையில் படாமல் இரண்டு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். சாம்பல் கீழே விழ அந்த இடம் தேவை. கரிக்கும் கறிக்கும் நடுவே இரண்டடி இடைவெளி இருக்கட்டும்.

ஆனால் எந்த டிரம்? தங்கவயலில் இந்தக் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. இந்த ஊர்ப் பழைய இரும்புக் கடையில் கிடக்கும் டிரம்முக்கு ஒரு பூர்வீகம் இருக்கும். சுரங்க ரசாயனம், ஆசிட், பூச்சிமருந்து, கழிவு எண்ணெய் என்று எது இருந்ததென்று தெரியாத டிரம்மை எவ்வளவு எரித்தாலும், எவ்வளவு கழுவினாலும் சமையலுக்கு எடுக்கக்கூடாது. சமையல் எண்ணெய் அல்லது பழச்சாறு வந்ததென்று உறுதியாகத் தெரிந்த டிரம், இல்லையேல் புது டிரம். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் வேண்டாம். துத்தநாகம் பூசிய தகடும் வேண்டாம். கடும் சூட்டில் அதிலிருந்து எழும் ஆவி காய்ச்சலை உண்டாக்கும். டிரம்மில் மிச்சம் பிடித்துக் கறியில் விஷம் சேர்ப்பது சிக்கனமல்ல.

விறகுக்கும் இதே எச்சரிக்கை. பழைய கட்டடங்களிலிருந்து பெயர்த்த மரம் இங்கே மலிவு. கறையான் அரிக்காத மரமென்றால் சந்தேகப்படுங்கள். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்து மரத்தைப் பதப்படுத்தும் முறையை 1930களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தவர் சொண்டி காமேசம் என்ற இந்தியர். மரத்தைக் காக்க அது அருமையான மருந்து. எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும்.

கோலார் மாவட்டமெங்கும் தென்படும் தைல மரமும் ஆகாது. கறி தைலம் வாடை அடிக்கும். நமக்கு வேண்டாதது என்று வெட்டி எறியும் சீமைக் கருவேலம்தான் இதில் ஆச்சரியம். அமெரிக்கர்கள் டெக்ஸாஸ் பக்கத்தில் 'மெஸ்கீட்' என்று கொண்டாடிக் காசு கொடுத்து வாங்கும் விறகு அதன் நெருங்கிய உறவு. ஆனால் காரமான புகை. கைப்பிடி அளவு கட்டை இரண்டு போதும். கொய்யா, மா, புளி இன்னும் சாந்தமானவை. எதுவானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

வேலை குறைவதும் புகை குறைவதும் ஒன்றாகும் இடம் இதுதான். டிரம்மில் எரிபொருள் விறகல்ல, கரி. தேங்காய் ஓட்டுக் கரியோ நல்ல மரக்கரியோ நாலைந்து கிலோ நிரப்பி, மேலே மட்டும் ஏழெட்டுத் துண்டுக் கனலை வைத்தால் நெருப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். விறகு வாசனைக்கு மட்டுமே. கருவாட்டுக் குழம்பில் புளி மாதிரி, தெரிய வேண்டும், முட்டக்கூடாது. மூச்சுத் திணறி எரியும் நெருப்பிலிருந்துதான் அடர்ந்த வெள்ளைப் புகை வரும்; அது கறியில் கசப்பாகப் படியும். நெருப்புக்குப் போதிய காற்று கிடைத்தால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீலப் புகை. ருசி அதில்தான் இருக்கிறது. புகை மண்டினால்தான் மணக்கும் என்று நினைப்பவர்கள் கறியையும் கெடுக்கிறார்கள், அக்கம்பக்கத்தையும் கெடுக்கிறார்கள்.

கரிக்கும் கறிக்கும் நடுவே ஒரு தட்டில் தண்ணீர் வைத்துவிட வேண்டும். சூடு ஏறி இறங்காமல் அது தாங்கும். கொழுப்பு கனலில் சொட்டிக் கரும்புகையாவதையும் தடுக்கும். அந்தக் கரும்புகையில்தான் புற்றுநோயோடு தொடர்புள்ள பென்சோபைரீன் போன்றவை இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல், புகையிட்டும் உப்பிட்டும் பக்குவப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. ஆகவே இது மாதத்துக்கு ஒன்றிரண்டு ஞாயிறுகளுக்கான விருந்து. தினசரிச் சாப்பாடு அல்ல.

கறியைப் பொறுத்தவரை, கர்நாடகத்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் பசு, காளை, கன்று வெட்டத் தடை விதித்து, 13 வயதைக் கடந்த எருமைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. உப்புக்கண்டத்துக்குப் பேர்போன வீடுகளிலும் அதனால் பன்றிக்கும் கோழிக்கும் மவுசு கூடியிருக்கிறது. ஒன்றரை கிலோ பன்றித் தோள்கறிக்கு ஐந்தாறு மணி நேரம். உள்ளே 90 டிகிரி தாண்டினால் நார் நாராகப் பிரியும். கோழிக்கு இரண்டு மூன்று மணி போதும். உள்ளே 74 டிகிரி வந்தாக வேண்டும். முள் குத்தும் வெப்பமானி ஒன்று வாங்குவது டிரம் வாங்குவதைவிட முக்கியம். நிறத்தைப் பார்த்து வெந்ததென்று முடிவு செய்யக்கூடாது.

பராமரிப்பு? சமைத்து முடிந்ததும் எல்லாத் துளைகளையும் மூடினால் நெருப்பு அணைந்துவிடும். மிஞ்சிய கரி அடுத்த வாரத்துக்கு. சாம்பல் நன்றாக ஆறியபின், மறுநாளாவது அள்ளிக் கொட்டிவிட வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். வலையைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கொஞ்சம் எண்ணெய். மழையில் நனையாமல் ஒரு மூடாக்கு. அவ்வளவுதான். எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள்ளோ கூரைக்கடியிலோ மூட்டக்கூடாது. கரியின் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை.

அக்கா மகன் புது டிரம்மே வாங்கினான். முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கரி மூட்டி, காற்றுத் துளைகளில் இரண்டை மூடி, ஒன்றை விட்டுவைத்தான். முதல் அரைமணி நேரம் வெள்ளைப் புகை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "பாட்டி, கொஞ்ச நேரம் ஜன்னலைச் சாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். புகை நீலமானதும் படுக்கப் போனான்.

அவன் எழுந்து வந்தபோது மணி பதினொன்று. டிரம் தன் பாட்டுக்கு இருந்தது. பாட்டி ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். "என்னடா, அடுப்பு அணைஞ்சு போச்சா?" என்று கேட்டாளாம்.