பல்லடத்துக்கு ஒரு ரயில்!

"ஏனுங்க, இந்த வயசுல பொம்மை ரயிலுங்களா?" என்றாள் மனைவி.

பொம்மையில்லை அம்மணி, மாடல் ரயில்வே! நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 'ஹெச்.ஓ.' என்பார்கள். என் கம்பெனி 'நொய்யல் ரயில்வே'. எந்த டைம்டேபிளிலும் இருக்காது. திருப்பூரில் பனியன் பெட்டி ஏற்றி, தூத்துக்குடியில் இறக்குகிறோம். எல்லாம் எட்டடிக்கு நாலடி பிளைவுட்டில்.

சொந்தக் கற்பனை என்பதால் எவரையும் காப்பியடிக்க வேண்டியதில்லை. பர்ஸுக்கேற்ற டீசல் இன்ஜினை வாங்கி நம்ம பெயிண்டை அடித்துவிடலாம். அப்படி நினைத்துத்தான், இருப்பதிலேயே மலிவாக ஒன்று வாங்கினேன். ஒரு பக்கச் சக்கரங்களுக்குத்தான் மோட்டார். உடம்பில் கனமே இல்லை. நாலு பெட்டி மாட்டியதும் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றியது. ஆறு கட்டுரைச் சன்மானம் போச்சு! இதில் பி.காம். வேறு.

இப்போதெல்லாம் முதலில் கையில் தூக்கி கனம் பார்ப்பேன். இரண்டு பக்கமும் இழுக்கிறதா, எல்லாச் சக்கரமும் தண்டவாளத்தில் கரண்ட் எடுக்கிறதா என்று கேட்பேன். அப்புறம் வளைவு. ஈரோடு ஷெட்டில் நாம் பார்த்த டபிள்யூ.டி.எம்.-2வுக்கு ஆறு அச்சு. என் பலகையின் 18 அங்குல ஆர வளைவில் அத்தனை நீள இன்ஜின் முரண்டு பிடிக்கும். அதன் பூர்வீகம் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி. 1969-ல் அங்கே மூடிவிட்டார்கள். வாராணசியில் அதற்கப்புறமும் பல வருஷம் செய்தார்கள். ஆகவே, பழைய ஆல்கோ ஆர்.எஸ்.-3 மாடல் ஒன்றை செகண்ட்ஹேண்டில் பிடித்தேன். நாலே அச்சு. நம்ம இன்ஜினுக்குப் பெரியப்பா முறை!

சக்கரம் துடைக்க பனியன் வேஸ்ட். திருப்பூரில் அதற்கா பஞ்சம்?

நேற்று ராத்திரி எட்டு பெட்டியோடு நிற்காமல் ஓடியது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இது பல்லடத்துல நிக்குமுங்களா?"

அவள் அம்மா வீடு அங்கேதான். நிஜத்தில் பல்லடத்துக்கு ரயிலே கிடையாது. ஸ்டேஷன் கட்டிக்கொண்டிருக்கிறேன்.