புறக்கடைக் கோழிகளைக் கீரி, மரநாயிடமிருந்து காப்பது எப்படி?



இன்றைக்கு நான் பேசப்போவதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கிராமத்தில் ஒரு அம்மா, "ஐயா, ராத்திரியானா கோழி ஒண்ணொண்ணா காணாமப் போகுதுங்க" என்றார். கூட்டைப் பார்த்தேன். மண் சுவர், முன்பக்கம் மூங்கில் தப்பை. "கோழிவலை வாங்கி அடிங்கம்மா, போதும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். முட்டை விற்ற காசில் வலை வாங்கி அடித்தார். மூன்றாவது வாரம் ஒரே ராத்திரியில் ஆறு கோழி போய்விட்டது. அடைகிடந்த பெட்டையும் அதில் ஒன்று. மறுநாள் போய்ப் பார்த்தால், வலையின் அடி ஓரத்தில் மண்ணைத் தோண்டி, நெம்பி, உள்ளே நுழைந்திருக்கிறது. "நீங்க சொன்ன வலைதானுங்களே" என்றார் அந்த அம்மா. பையனின் நோட்டுப் புத்தகச் செலவு அந்தக் கோழிகளை நம்பித்தான் இருந்தது. எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

கோழிவலை என்பது கோழி வெளியே போகாமல் இருப்பதற்காகச் செய்தது. உள்ளே வர நினைக்கிற பிராணிக்கு அது பெரிய தடையல்ல. மெல்லிய கம்பி, நாயும் காட்டுப்பூனையும் பிய்த்துவிடும். பெரிய கண் வழியாகப் பாம்பும் எலியும் தாராளமாக நுழையும். ஆகவே கூட்டுக்கு வேண்டியது அரை அங்குலக் கண் உள்ள பற்றவைத்த கம்பிவலை. விலை கூடத்தான். கூடு முழுவதற்கும் முடியாவிட்டால், தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கும் காற்றுப் போகும் திறப்புகளுக்கும் மட்டுமாவது அதை அடியுங்கள். மற்ற இடத்துக்குப் பலகையோ தகரமோ போதும். வலையின் அடி ஓரத்தை அப்படியே விடக்கூடாது. ஒரு அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்து, மேலே மண் போட்டுக் கல் அடுக்குங்கள். தோண்டுகிற பிராணி சுவர் ஓரத்தில்தான் தோண்ட ஆரம்பிக்கும். அங்கே கம்பி தட்டினால், இரண்டடி தள்ளிப் போய்த் தோண்டிப் பார்க்கும் யோசனை அதற்கு வருவதில்லை.

வந்தது யார் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். முட்டை ஓடு கூட இல்லாமல் மறைந்தால் பாம்பாக இருக்கலாம். அது முட்டையை முழுசாக விழுங்கும். ஏழெட்டுக் கோழியைக் கடித்துத் தின்னாமல் போட்டுவிட்டுப் போனால் முதலில் ஊர் நாயைச் சந்தேகப்படுங்கள். ராத்திரியில் வருவது பெரும்பாலும் மரநாய், காட்டுப்பூனை, நரி. கீரி பகல் பிராணி. பட்டப்பகலில் வேலியோரம் மேயும் கோழி கத்தினால் அது கீரியாக இருக்கலாம். இதெல்லாம் தப்பாத ஜாதகம் அல்ல, ஒரு அடையாளத்துக்குச் சொல்கிறேன்.

ராத்திரிக் காவலில் பாதி, பொழுது சாயும்போது கதவைச் சாத்துவதுதான். கோழி தானாகவே கூடு திரும்பும். ஆனால் இரண்டு முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்துவிடும். மரநாய் மரம் ஏறுவதில் கெட்டிக்காரன். சாயங்காலம் ஒரு கைப்பிடி குருணையைக் கூட்டுக்குள்ளேயே போட்டுப் பழக்குங்கள். ஒரு வாரத்தில் எல்லாம் உள்ளே வந்துவிடும். மிச்சத் தீனியை அங்கே கிடக்க விடாதீர்கள். தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். கூட்டை ஒட்டி விறகும் முள்ளும் குவித்து வைப்பதும் அதே கதைதான்.

பகலில் குஞ்சுக்குத்தான் ஆபத்து. பருந்து, வல்லூறு, காக்கை மூன்றும் முதல் ஒரு மாதம் கண்ணில் எண்ணெய் விட்டுக் காத்திருக்கும். நம் வீட்டுப் பஞ்சாரத்தை மிஞ்சிய சாதனம் இதற்கு இல்லை. தாயையும் குஞ்சுகளையும் கவிழ்த்து மூடி, மேலே ஒரு கல் வையுங்கள். வெளியே விடும் நேரத்தில் பழைய மீன்வலையைப் பந்தல் மாதிரிக் கட்டிய இடத்தில் விடலாம். சேவல் சத்தத்தையும் கவனியுங்கள். மேலே பருந்தைக் கண்டால் நீளமாக ஒரு கூச்சல் போடும். தரையில் நாய், பூனை என்றால் விட்டுவிட்டுக் கொக்கரிக்கும். வீட்டுப் பெண்களுக்கு இது தெரியும். என்னைப் போலப் படித்தவர்கள்தான் புத்தகத்தில் பார்த்து ஆச்சரியப்படுகிறோம்.

கோபத்தில் சிலர் விஷம் வைக்கிறார்கள், கண்ணி வைக்கிறார்கள். வேண்டாம். விஷ இரையைத் தின்பது உங்கள் நாயாகவும் இருக்கும், மயிலாகவும் இருக்கும். கீரி, மரநாய், காட்டுப்பூனை ஆகியவற்றைக் கொல்வதும் பிடிப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதோடு, உங்கள் வரப்பில் வளை தோண்டும் எலியை வருஷம் முழுக்கப் பிடிப்பது அதே கீரிதான். கூலி கேட்காத ஆள்! கூட்டுக்குள் பாம்பு இருந்தால் கையை விடாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவின் கூட்டை அப்புறம் நானும் கூட இருந்து சரிசெய்தேன். அப்போது கற்றுக்கொண்டது இது. இருட்டியதும் காலிக் கூட்டுக்குள் ஒரு டார்ச் விளக்கை ஏற்றி வைத்து, கதவைச் சாத்தி, வெளியே நின்று சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் எந்தச் சந்து வழியாகக் கசிகிறதோ, அங்கே உங்கள் சுண்டுவிரலை வைத்துப் பாருங்கள். விரல் நுழைந்தால் மறுநாள் காலையிலேயே தகரம் வைத்து அடித்துவிடுங்கள். அவர் கூட்டில் அப்படி ஒன்பது சந்து இருந்தது.