விவாதத்திற்குப் புள்ளி போடுங்கள்!

வாசகர்களே, 2022 மே 12 இரவு அன்வார் இப்ராஹிமும் நஜிப் ரசாக்கும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் வாதாடினார்களே, பார்த்தீர்களா? புந்தோங் காப்பிக் கடையில் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். யார் வெளுத்துக் கட்டினார் என்று சொல்வார்கள். என்ன சொன்னார் என்றால் தலையைச் சொறிவார்கள்.

அன்றைய முதல் பொருள், கடனில் தத்தளித்த சபுரா எனர்ஜி நிறுவனம். அதைக் கைதூக்கிவிட வேண்டும் என்றார் நஜிப். மக்கள் பணத்தைப் போடுமுன் கணக்கைத் துருவிப் பாருங்கள் என்றார் அன்வார். இதுதான் விஷயம், மற்றதெல்லாம் வாண வேடிக்கை.

வாய்மொழித் தேர்வில் நான் கேள்வியைத் தாளில் எழுதிக்கொள்வேன். பதில் அந்தக் கேள்விக்குத்தானா? பணம் எங்கிருந்து வரும் என்று சொன்னாரா? எதிராளியின் வாதத்தைத் திரிக்காமல் மறுத்தாரா? இவற்றுக்கே புள்ளி. கைத்தட்டலுக்குக் கிடையாது.

தோற்றமும் நம்மை ஏய்க்கும். 1960 செப்டம்பர் 26-இல் கென்னடியுடன் வாதாடிய நிக்சன், அந்த மாதத்தில்தான் மருத்துவமனையிலிருந்து வந்தவர். வெளிறிய அந்த முகத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அவர் பேசியதை யார் நினைக்கிறார்கள்? ஆகவே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்.

2022 நவம்பர் 19-இல் புந்தோங் வாக்காளருக்கு இரண்டு வாக்குச் சீட்டுகள்: நாடாளுமன்றத்துக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று. சட்டமன்ற வேட்பாளருக்குத் தொலைக்காட்சி மேடை கிடைப்பது அரிது. அவர் செராமாவுக்கு வரும்போது நாம்தான் எழுந்து கேட்க வேண்டும்: தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கு வீடு எந்த ஆண்டில்? ஆண்டைச் சொன்னால், அவர் கண்முன்னே எழுதிக்கொள்ளுங்கள்.