காந்தப் புயல் எழுப்பும் காற்று

2022 பிப்ரவரி 3ஆம் நாள், அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து கிளம்பிய ராக்கெட் ஒன்று 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை வானில் விட்டது. பூமிக்கு மிக அருகில் வரும்போது சுமார் 210 கி.மீ. உயரம் இருக்கும் பாதை அது. அங்கிருந்து அவை தம் எஞ்சின்களால் மெல்ல மேலேற வேண்டும். ஆனால் 38 செயற்கைக்கோள்கள் மேலேறவே இல்லை. சில நாள்களில் கீழிறங்கி எரிந்து போயின. காற்றின் தடையைக் குறைக்க, தாளின் விளிம்பை முன்னே நீட்டுவது போல அவற்றைத் திருப்பிப் பறக்கவிட்டும் பயனில்லை. காரணம், அப்போது வீசிய ஒரு காந்தப் புயல். அதுவும் பெரும் புயலன்று!

அவ்வளவு உயரத்தில் காற்று உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. தரைமட்டக் காற்றின் அடர்த்தியில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவுதான். அங்கே ஒரு கொடியைக் கட்டினால் அது அசையாது. ஆயினும் வினாடிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. வேகத்தில் பாயும் செயற்கைக்கோளுக்கு அந்த மெல்லிய காற்றும் தடைதான்.

இந்தப் பகுதிக்கு வெப்ப அடுக்கு என்று பெயர். அமைதியான நாள்களில் இங்கே காற்றை ஓட்டுவது சூரிய ஒளி. பகல் பக்கம் சூடேறி விரிகிறது. இரவுப் பக்கம் குளிர்ந்து சுருங்குகிறது. எனவே காற்று பகலிலிருந்து இரவை நோக்கி, வினாடிக்கு நூறு மீட்டர் அளவிலான வேகத்தில் வீசுகிறது.

துருவத்தில் ஓர் அடுப்பு

சூரியனிலிருந்து மின்னேற்றத் துகள்கள் எப்போதும் வெளிப்படுகின்றன. சூரியக் காற்று எனப்படும் இவ்வோட்டம் சில வேளைகளில் மிகுந்த வேகத்துடன் வந்து பூமியின் காந்தப் புலத்தைக் கலக்குகிறது. இதுவே காந்தப் புயல். அப்போது துருவங்களை அடுத்த பகுதிகளின் மேலே பல லட்சம் ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. மின் அடுப்பின் கம்பிச்சுருள் சூடாவது போல அங்குள்ள காற்றும் சூடாகிறது. மின்புலத்தால் விரட்டப்படும் அயனிகள் சாதாரண அணுக்களின் மீது மோதி அவற்றையும் இழுத்துச் செல்கின்றன.

இப்போது அடுப்பு இடம் மாறிவிட்டதல்லவா? சூடேறிய காற்று மேலே பொங்குகிறது. பக்கவாட்டில் நிலநடுக்கோட்டை நோக்கியும் பாய்கிறது. வேகம் வினாடிக்குப் பல நூறு மீட்டர். சில மணி நேரத்தில் அதன் விளைவு நடுக்கோட்டை எட்டிவிடும். பூமி சுழல்வதால் இக்காற்று வழியில் மேற்குப் புறமாகத் திரும்புகிறது. பகலில் வழக்கமான காற்று இதை எதிர்க்கும். இரவில் துணை செய்யும். ஆகவே இரவுப் பக்கத்தில்தான் புயற்காற்று எளிதில் நுழைகிறது.

ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் வீழ்ந்த காரணம் இப்போது விளங்கும். அவற்றின் பாதை 53 பாகை அட்சரேகை அளவிலேயே திரும்பிவிடும், துருவங்களை எட்டாது. எனினும் துருவத்துச் சூடு உலகெங்கும் பரவி, வெப்ப அடுக்கையே வீங்கச் செய்தது. முந்தைய ஏவுதல்களைவிடக் காற்றின் தடை 50 சதவீதம் வரை கூடியது.

நம் தலைக்கு மேலே

காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் வழியே செல்கிறது. அதனாலேயே கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்தது. 1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து ஏவப்பட்ட முதல் ராக்கெட், அந்தி வானில் சோடியம் ஆவியை வெளியிட்டது. ஒளிரும் அந்த ஆவி வளைந்து நெளிவதைப் படமெடுத்து, உயரத்துக்கு உயரம் காற்றின் வேகத்தைக் கணக்கிடலாம். கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குச் சாயம் பூசிய தந்திரம் இது!

இப்பகுதியில் சுமார் 105 கி.மீ. உயரத்தில் பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் கிழக்கு நோக்கி ஓடுகிறது. புயற்காற்று காந்தப் புலத்தின் குறுக்கே அயனிகளைத் தள்ளும்போது, டைனமோவில் போல மின்சாரம் பிறக்கிறது. அது இம்மின்னோட்டத்தை நலிவுறச் செய்கிறது. சிலவேளை திசையையே மாற்றிவிடுகிறது. துருவத்தில் மூண்ட சூட்டை, தென்னிந்தியாவிலுள்ள காந்தமானியின் முள் இவ்வாறு காட்டிக்கொடுக்கிறது.

2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஏவப்பட்ட நமது ஆதித்யா-எல்1, பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவுக்குச் சென்று சூரியனை ஆராயப் புறப்பட்டது. சூரியக் காற்று அவ்விடத்தைக் கடந்து பூமியை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஆகும். ஆனால் துருவத்துக் காற்று நம்மை எட்ட இன்னும் சில மணி நேரம் வேண்டும். அந்த இடைவெளியில் காற்றின் போக்கை முன்கூட்டியே கணிக்க முடிந்தால், பல செயற்கைக்கோள்கள் பிழைக்கும். இளம் விஞ்ஞானிகளுக்குக் காத்திருக்கும் பணி இது.